பேண்டு லிஸ்டில் என் பெயர் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்: பள்ளிக்கூடத்து இசை

பள்ளிக்கூடம் திறந்த கையோடு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல், எந்த வயதில் வயலின் ஆரம்பிக்கலாம், நல்ல சுருதிப் பெட்டி எங்கே கிடைக்கும் என்றுதான் இருக்கும். இந்த முறை மதுரையில் இருந்தும் சுற்றுவட்டாரத்தில் இருந்தும் வந்தவை வேறு மாதிரி. பேண்டிலும் பாட்டுக் குழுவிலும் யார் பெயரைச் சேர்ப்பது, யார் பெயரை எடுப்பது, எடுத்த பெயரை என்ன செய்வது என்றே எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: வணக்கம் டீச்சர். உதவி பெறும் பள்ளி ஒன்றில் இந்த வருடம்தான் பேண்டுப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். முன்பிருந்த சார் ஒரு நீள நோட்டில் பெயர் எழுதி வைத்திருந்தார். பி.டி. சார் போனில் ஒரு லிஸ்ட் இருக்கிறது. ஹெச்.எம். அறையில் ஒட்டியிருப்பது இன்னொன்று. மூன்றும் ஒத்துவரவில்லை. சைட் டிரம்முக்கு ஆள் கூடுதல், பியூகிள் என்கிற ஊதுகொம்புக்கு இரண்டே பேர், பேஸ் டிரம் என்கிற பெரிய டிரம்மை அடித்த பையன் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்பது பிராக்டிஸ் அன்றுதான் எனக்குத் தெரிகிறது. ஆகஸ்ட் 15 வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
— ஓர் இசை ஆசிரியை, திருமங்கலம்

மூன்று லிஸ்டையும் மேஜையில் பரப்பி ஒப்பிட்டுக்கொண்டு உட்காராதீர்கள் டீச்சர். நாலு பீரியட் போகும், நாலாவதாக ஒரு லிஸ்ட் வரும், அதுவும் தப்பாகவே இருக்கும். ஒருநாள் பிரேயர் முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளையும் அவரவர் வாத்தியத்தோடு மைதானத்தில் நிற்கச் சொல்லுங்கள். நிற்கிறவர்களை எழுதுங்கள். பழைய லிஸ்டில் இருந்தும் வந்து நிற்காத பெயர்களைத் தனியே குறித்துக்கொண்டு கிளாஸ் டீச்சரிடம் விசாரியுங்கள். அரை மணி நேர வேலை.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். நம் பக்கத்தில் பேண்டு லிஸ்ட் என்றாலே வகுப்புவாரியாகப் பெயரை வரிசையாக எழுதிவிடுவார்கள். வருகை எடுக்க அது போதும். ஆனால் பேஸ் டிரம் காலியாகக் கிடப்பதை அந்த லிஸ்ட் உங்களுக்கு எப்படிச் சொல்லும்? அதில் அந்தப் பையனும் நாற்பது பெயர்களில் ஒரு பெயர்தானே. ஆகவே முதல் தாளில் பிள்ளைகளை எழுதாமல் இடங்களை எழுதுங்கள். மேஸ் என்கிற அலங்காரக் கோலைப் பிடித்து முன்னால் போகிறவர் ஒருவர், பேஸ் டிரம், சிம்பல், சைட் டிரம் எத்தனை, பியூகிள் எத்தனை, புல்லாங்குழல் எத்தனை என்று உங்கள் பள்ளிக்கு எப்படியோ அப்படி. ஒவ்வோர் இடத்துக்கும் நேராக இரண்டு கட்டம்: இப்போது யார், அடுத்து யார். இரண்டாவது கட்டம் எங்கெல்லாம் வெறுமையாக இருக்கிறதோ அங்கெல்லாம் உங்களுக்கு இப்போதே வேலை இருக்கிறது. பேஸ் டிரம்மில் அந்தக் கட்டம் ஒருநாளும் வெறுமையாக இருக்கவே கூடாது, ஏனென்றால் அந்த அடிக்குத்தான் மொத்த வரிசைக்கும் இடது கால் விழுகிறது. ஒரு பியூகிள் குறைந்தால் சத்தம் குறையும், அவ்வளவுதான். பேஸ் டிரம் இல்லையென்றால் நடையே போய்விடும்.

சைட் டிரம்மில் கூடுதலாக நிற்கும் பிள்ளைகளை பியூகிளுக்கு மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஆகஸ்டுக்குள் அது நடக்காது. பியூகிளில் வால்வு கிடையாது, உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்தான் ஸ்வரம் மாறவேண்டும், அந்த உதட்டுப் பழக்கம் படிய மாதக்கணக்கில் ஆகும். இந்தச் சுதந்திர தினத்துக்கு இரண்டு பியூகிளோடு போங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. கூடுதல் டிரம் பிள்ளைகளில் தாளம் நிற்கிற இருவரை பேஸ் டிரம்முக்கும் சிம்பலுக்கும் ‘அடுத்து’ என்று போட்டு வாரம் ஒருநாளாவது நிஜமாகவே வாசிக்க விடுங்கள். ஜனவரி 26-க்கு வேண்டிய பியூகிள் பிள்ளைகளை இப்போதே எடுத்துப் பழக்க ஆரம்பியுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி மவுத்பீஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள், ஒருவர் ஊதியதை இன்னொருவர் வாயில் வைக்க வேண்டாம்.

இரண்டாவது தாள் பிள்ளைகளுக்கு. ஒரு பிள்ளைக்கு ஒரே வரி. மேலிருந்து கீழே போகிற முதல் பத்தியில் சேர்க்கை எண். வகுப்பு வருடா வருடம் மாறும், செக்‌ஷன் ஜூலையில்கூட மாறும், பள்ளியை விட்டுப் போகும்வரை அந்த எண் மாறாது. இனிஷியலுக்குத் தனிப் பத்தி வையுங்கள். ‘செ. கார்த்திகா’ என்று ஒருவர் எழுத, ‘கார்த்திகா செ.’ என்று இன்னொருவர் எழுத, ‘எஸ். கார்த்திகா’ என்று ஆபீசில் இருந்து வர, ஒரே பெண் மூன்று பெண்ணாகிவிடுவாள். நிஜமாகவே மூன்று கார்த்திகா இருந்தால் கேட்கவே வேண்டாம். அடுத்து வகுப்பு, வாத்தியம், பள்ளி வாத்தியமா சொந்த வாத்தியமா, வீட்டில் யாரிடம் பேச வேண்டும், அவர் போன் எண், ஊர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம்.

கம்ப்யூட்டரில் போடுவதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கை. எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) எண் மாதிரி நீளமான எண்களுக்கான பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டு அடியுங்கள். இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை அது விழுங்கிவிடும், 15 இலக்கத்தைத் தாண்டினால் பின்னால் இருப்பதையும் பூஜ்யமாக்கிவிடும். இன்னொன்று, பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தாதீர்கள். பெயர்கள் மட்டும் நகரும், வகுப்பும் வாத்தியமும் போன் எண்ணும் நின்ற இடத்திலேயே நிற்கும். பார்க்க எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். பியூகிள் பையனின் அம்மாவைக் கூப்பிட்டால் வேறு யாரோ எடுக்கும்போதுதான் விஷயம் புரியும். முழு அட்டவணையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துங்கள்.

திருத்தும் உரிமை உங்கள் ஒருவரிடம் இருக்கட்டும். ஹெச்.எம்.முக்கும் பி.டி. சாருக்கும் பார்க்க மட்டும் கொடுங்கள். யாராவது விலகினால் அந்த வரியை அழித்துவிடாதீர்கள், தேதியும் காரணமும் போட்டு அப்படியே விடுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே வரும் கடிதங்களைப் படித்தால் தெரியும்.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பில் இருந்து பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். இந்த வருடம் பத்தாவது. பள்ளி திறந்த முதல் வாரமே பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் பெயரை மொத்தமாக எடுத்துவிட்டார்கள் அக்கா. அவளிடம் யாரும் சொல்லக்கூட இல்லை, ஒட்டிய லிஸ்டில் பெயர் இல்லை, அவ்வளவுதான். வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் போய்க் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?
— ஒரு தாய், உசிலம்பட்டி

போய்க் கேளுங்கள் தங்கச்சி. கோபமாகக் கேட்க வேண்டாம், ஆனால் கட்டாயம் கேளுங்கள். நாலு வருடம் வாசித்த பிள்ளைக்கு, நீ இனி இல்லை என்று சுவர் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பத்தாம் வகுப்பு என்பது பெரிய பாரம்தான், பள்ளிக்கும் ரிசல்ட் பயம் இருக்கும், அதையெல்லாம் நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் ஜூனில் இருந்து மார்ச் வரை பத்து மாதமும் ஒரே கனமாக இருப்பதில்லை. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பொங்கல் முடிந்தால் திருப்புதல் தேர்வு, அதன்பின் பொதுத்தேர்வு. ஆகஸ்ட் 15 வரை அவள் முழுசாக வாசிக்கலாம். காலாண்டுக்கு அப்புறம் வாரம் ஒருநாள் போதும். அரையாண்டு முடிந்ததும் பொதுத்தேர்வு வரை விடுப்பு. பதினொன்றாம் வகுப்பில் திரும்ப வரலாம். இதையே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் ஹெச்.எம்.மிடம் கொடுங்கள். ‘பேண்டில் என் மகளை வைத்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் கேட்டால் முடியாது என்று சொல்வது சுலபம். தேதி போட்ட தாளைப் பார்த்தால் யோசிப்பார்கள்.

கிளாரினெட் பள்ளியுடையதாக இருந்தால் விடுப்புக் காலத்தில் வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி கேளுங்கள். சாயங்காலம் பத்து நிமிடம், நீள ஸ்வரம் மட்டும். மாதக்கணக்கில் தொடாமல் விட்டால் உதடு பிடிப்பு தளர்ந்துவிடும், திரும்ப வரும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அந்த வெட்கத்திலேயே நிறையப் பிள்ளைகள் திரும்ப வருவதில்லை.

பொறுப்பாசிரியர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகளின் நிலையை ‘நீக்கம்’ என்று எழுதாமல் ‘தேர்வு விடுப்பு’ என்று எழுதி, திரும்பும் மாதத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். உங்கள் பேண்டுக்கே அது நல்லது. நன்றாக வாசிக்கிற பத்தாம் வகுப்புப் பெண் ஜூனிலேயே காணாமல் போனால் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு விரல் வைக்கும் இடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆளில்லை. ஆகஸ்ட் வரை அவள் இருந்தால் தன் இடத்துக்கு அடுத்த ஆளை அவளே தயார் செய்துவிட்டுப் போவாள். ஆனால் ஒன்று தங்கச்சி, உங்கள் மகளே ‘எனக்கு இந்த வருடம் வேண்டாம்மா’ என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவளை உட்காரவைத்துக் கேட்டுவிட்டுப் பள்ளிக்குப் போங்கள்.

கேள்வி: நான் எட்டாவது படிக்கிறேன். குழுப் பாட்டில் இரண்டு வருடமாக இருக்கிறேன். இப்போது மேலே பாடினால் குரல் உடைகிறது. போன வாரம் மிஸ், ‘நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்’ என்று சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். என்னை லிஸ்டில் இருந்து எடுத்துவிடுவார்களா?
— ஒரு மாணவன், பசுமலை

தம்பி, உன் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொண்டையில் குரல் நாண் நீளமாகிறது, தடிக்கிறது, அதனால் குரல் கீழே இறங்குகிறது. ஏழாவதில் இருந்து ஒன்பதாவதுக்குள் பெரும்பாலான பையன்களுக்கு நடப்பதுதான் இது. சிலருக்குச் சில மாதத்தில் நிலைக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். அதுவரை மேலே எட்டாத ஸ்வரத்துக்குக் கத்தாதே. வசதியாக வருகிற இடத்தில் மெதுவாகப் பாடு, பாடுவதை மட்டும் நிறுத்தாதே. சிரித்த பையன்களில் பாதிப் பேருக்கு அடுத்த வருடம் இதே கதைதான்.

இனி இது டீச்சர்களுக்கு. வாயை மட்டும் அசைக்கச் சொல்வதை விட்டுவிடுவோம். அந்தப் பையன் அதற்கப்புறம் வாழ்நாளில் பாடாமலே போகலாம். கணக்கு என்னவென்று பாருங்கள். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற கணக்கில் சொல்வோம், கட்டை கூடினால் சுருதி ஏறும். பெண் பிள்ளைகளும் குரல் உடையாத பையன்களும் சேர்ந்து ஐந்து கட்டை சுருதியில் பாடுகிறார்கள். குரல் இறங்கிய பையனுக்குச் சௌகரியம் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. ஐந்து கட்டையில் அவன் மற்றவர்களோடு சேர்ந்தே போனால் தாரஸ்தாயி, அதாவது மேல் ஸ்தாயி, எட்டாது, ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடினால் அடித்தொண்டையில் குரலே கேட்காது. அவன் என்னதான் செய்வான்? பாட்டில் நடு ஸ்தாயியோடு நிற்கிற வரிகள் எவை என்று பார்த்து அந்த வரிகளை இந்தப் பையன்களுக்கு என்று ஒதுக்குங்கள். மேலே ஏறும் வரிகளில் அவர்கள் கையில் தாளம் இருக்கட்டும், கஞ்சிராவோ ஜால்ராவோ கொடுங்கள். மூன்று நான்கு பையன்கள் ஒரே நிலையில் இருந்தால் அவர்களுக்கென்றே ஒரு கட்டையில் ஒரு பாட்டைத் தனியாகப் பழக்கி மேடையில் ஏற்றிவிடலாம்.

லிஸ்டில் இதற்கு ஒரு பத்தி வேண்டும். ‘குரல்’ என்று போட்டு கட்டையையும் பார்த்த தேதியையும் எழுதுங்கள். ஜூன், காலாண்டு விடுமுறைக்குப் பின், ஜனவரி என்று வருடத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு பையனையும் தனியாக, வேறு பிள்ளைகள் இல்லாதபோது, இரண்டு நிமிடம் ஸரளி வரிசை (ஆரம்ப ஸ்வரப் பாடம்) பாடச்சொல்லிப் பாருங்கள். ஜூனில் ஐந்து, ஜனவரியில் ஒன்றரை என்று அந்தப் பத்தியில் பார்த்துவிட்டால் ஆண்டு விழாப் பாட்டுக்கு என்ன சுருதி என்பதை மேடைக்கு முந்தின நாள் முடிவெடுக்க வேண்டியிருக்காது.

தம்பி, பசுமலையிலேயே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. பள்ளி முடிக்கும்போது உனக்குப் பாட்டு பிடித்திருந்தால் நடந்து போகிற தூரம்தான்.

கேள்வி: சாயங்காலப் பிராக்டிஸுக்குப் பாதிப் பேர் வருவதில்லை. மூன்று நாள் வராதவர்கள் பெயரை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?
— ஓர் ஆசிரியர், மேலூர்

அவசரப்படாதீர்கள் சார். முதலில் லிஸ்டில் ‘ஊர்’ பக்கத்தில் ‘பஸ்’ என்று ஒரு பத்தி போடுங்கள். யார் எந்தப் பஸ்ஸில் போகிறார்கள், அதை விட்டால் அடுத்தது எப்போது என்று பிள்ளைகளிடமே கேட்டு நிரப்புங்கள். உங்கள் பள்ளிக்கு கொட்டாம்பட்டி, மேலவளவு, திருவாதவூர் பக்கமெல்லாம் இருந்து பிள்ளைகள் வருவார்கள். கையில் இலவச பாஸ் இருந்தாலும் பஸ் வர வேண்டுமே. நாலரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டின பிறகுதான் என்றால் எந்த வீட்டிலும் பெண் பிள்ளையைப் பிராக்டிஸுக்கு நிறுத்திவைக்கச் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் வேண்டாம். மூன்று நாள் விதியைப் போட்டீர்கள் என்றால் உங்கள் பேண்டில் டவுனுக்குள் வீடு இருக்கிற பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவார்கள். அக்கறை இல்லாத பிள்ளை யார், பஸ் இல்லாத பிள்ளை யார் என்று அந்த விதிக்குத் தெரியாது.

வருகையில் வெறும் டிக், கிராஸ் போடாமல் வராத காரணத்துக்கு ஓர் எழுத்து போடுங்கள். பஸ் என்றால் ப, உடம்பு சரியில்லை என்றால் உ, வீட்டில் வேலை என்றால் வீ, டியூஷன் என்றால் டி. ஒரு மாதம் போட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள். ப நிறைய இருந்தால் நேரத்தை மாற்ற வேண்டியது நீங்கள்தான். காலையில் சீக்கிரம் வருகிற பஸ் பிள்ளைகள் பிரேயருக்கு முன்னால் சும்மாதான் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் பகுதியை அப்போது தனியாக வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் சேர்ந்து வாசிப்பதற்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை ஹெச்.எம்.மிடம் கேட்டு வாங்குங்கள். வீ தொடர்ந்து வந்தால் வீட்டுக்கு ஒரு போன். அம்மா வேலைக்குப் போய் வரும்வரை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கலாம், அந்தப் பிள்ளைக்கு மதிய இடைவேளையில் பதினைந்து நிமிடம் கொடுத்தால் போதும். காரணமே இல்லாமல் வராத பிள்ளையும் இருக்கும். அங்கே மூன்றாவது நாளில் கூப்பிட்டுப் பேசுங்கள். விழாவுக்கு முந்தைய முழு ஒத்திகைக்கு வராதவர் மேடையில் இல்லை என்பதை மட்டும் கறாராக வையுங்கள். அதையும் ஜூனிலேயே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பறைக் குழுவும் இருக்கிறது, வயலின் வகுப்பும் இருக்கிறது. கலைத் திருவிழாவுக்குப் பெயர் கொடுக்க இரண்டு லிஸ்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மனசு சங்கடப்பட்டது. பறைக் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே தெருப் பிள்ளைகள். வயலினில் அந்தத் தெருவில் இருந்து ஒருவர்கூட இல்லை. யாரும் திட்டம் போட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. எப்படிச் சரி செய்வது?
— ஒரு தலைமை ஆசிரியர், வாடிப்பட்டி வட்டாரம்

இதைக் கண்டு சங்கடப்பட்டு எழுதியதற்கு உங்களை வணங்குகிறேன் ஐயா. நிறையப் பள்ளிகளில் லிஸ்ட் இப்படித்தான் இருக்கிறது, யாரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. எப்படி நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பறை வாங்கி வந்த அன்று ஆசிரியர் ஒரு பையனைப் பார்த்து ‘உனக்கு வரும்ல, நீ எடு’ என்பார். வயலின் வந்த அன்று ‘யாருக்கு ஆசை?’ என்று பொதுவாகக் கேட்பார், முன் பெஞ்சில் இருந்து கை தூக்குவார்கள். ஒரு பக்கம் ஆசை கேட்கப்படுகிறது, இன்னொரு பக்கம் கேட்கப்படவே இல்லை. அதை மாற்றினால் போதும்.

ஆறாம் வகுப்பு முழுக்க, எல்லாப் பிள்ளைகளும், எல்லா வாத்தியத்தையும் தொடட்டும். ஜூன், ஜூலையில் வாரம் ஒரு வாத்தியம். பறையை முறையாகப் பிடிப்பதும் ஒரு கையில் அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி என்று இரண்டு கைக்கும் வேறு வேறு வேலை கொடுப்பதும் எவ்வளவு கஷ்டம் என்று வயலின் பிள்ளைக்கும் தெரியட்டும். அது யார் ரத்தத்திலும் வருவதில்லை, பழகித்தான் வருகிறது. தோலைத் தீயில் எந்தப் பதத்துக்குக் காய்ச்சுவது, மழை நாளில் எத்தனை முறை காய்ச்சுவது என்பதெல்லாம் தனிப் பாடம். வாடிப்பட்டி மேளத்தின் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரியும், அது அத்தனை பேர் வருடக்கணக்கில் பழகியதால் வந்த பெயர். ஆகஸ்டில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையெழுத்தில் இரண்டு விருப்பம் எழுதிக் கொடுக்கட்டும், யாரும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காமல். அந்தச் சீட்டைப் பார்த்து இடம் போடுங்கள். ஒரு வாத்தியத்துக்குப் பெயர் கூடிவிட்டால் சீட்டுக் குலுக்குங்கள்.

எமிஸில் சாதிப் பிரிவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, உதவித்தொகைக்கு அது வேண்டும். இசை லிஸ்டுக்கு எமிஸில் இருந்து விவரம் எடுக்கும்போது அந்தப் பத்தி கூடவே வந்துவிடும். அதை எடுத்துவிடுங்கள், வாத்தியம் கொடுக்கிற ஆசிரியர் கண்ணில் அது படவே வேண்டாம். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை, இப்போது நீங்கள் செய்த மாதிரி, எந்த வாத்தியத்தில் எந்தப் பிள்ளைகள் என்று தலைமை ஆசிரியராக நீங்கள் மட்டும் உட்கார்ந்து பாருங்கள்.

வீட்டிலேயே பறை கேட்டு வளர்ந்த பையன் பறைதான் வேண்டும் என்று எழுதினால் மகிழ்ச்சியாகக் கொடுங்கள், குழுவுக்கு அவனையே முன்னவனாகப் போடுங்கள், மற்ற பிள்ளைகள் அவனிடம் கற்றுக்கொள்ளட்டும். அவனே வயலின் என்று எழுதினால், ‘ஏன்டா, உனக்கு எதுக்கு?’ என்று ஒரு வார்த்தை யார் வாயில் இருந்தும் வந்துவிடக் கூடாது. அதை ஆசிரியர் கூட்டத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள். அரசுப் பள்ளிகளில் 2022-23-ல் ஆரம்பித்த கலைத் திருவிழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகிறது. இந்த வருடம் ஜெயிக்க வேண்டுமே என்று பழைய குழுவையே அனுப்பத் தோன்றும். இந்த வருடம் அனுப்புங்கள், உழைத்த பிள்ளைகள் அவர்கள். ஆறாம் வகுப்பில் இருந்து புது முறை ஓடட்டும்.

கேள்வி: கோடை விடுமுறைக்கு வீட்டுக்குக் கொடுத்த புல்லாங்குழலில் இரண்டு திரும்ப வரவில்லை. ஒரு மிருதங்கம் தோல் கிழிந்து வந்திருக்கிறது. யாரைக் கேட்பது? டி.சி. வாங்க வரும்போது பிடித்துக்கொள்ளலாமா?
— ஓர் ஆசிரியை, சோழவந்தான்

டி.சி.யைப் பிடித்து வைக்காதீர்கள் டீச்சர். ஒரு மூங்கில் குழலுக்காகப் பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஓர் எண் கொடுத்து, பெயிண்டிலோ சூடு போட்டோ அதன் மேலேயே எழுதுங்கள். வாத்தியத்துக்கென்று ஒரு பக்கம்: எண், கொடுத்த தேதி, கொடுக்கும்போது எப்படி இருந்தது, யாரிடம், பெற்றோர் கையெழுத்து, திரும்ப வந்த தேதி. ஏப்ரல் தேர்வுக்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை திரும்ப வாங்கிப் பார்த்துவிட்டு, கோடைக்கு மறுபடி கொடுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறோம் என்று குடும்பமே கிளம்பிவிட்டால் அப்புறம் ஜூனில்தான் பிடிக்க முடியும். மதுரை வெயிலில் தகர ஷீட் போட்ட அறையில் பூட்டி வைப்பதைவிட, பார்த்துக்கொள்கிற வீட்டில் இருப்பதே வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் நல்லது. அதனால் இந்தத் தடவை இரண்டு தொலைந்ததற்காகக் கொடுப்பதையே நிறுத்திவிடாதீர்கள்.

அந்தப் பக்கத்தில் ‘சுருதி’ என்றும் ஒரு கட்டம் வேண்டும். மிருதங்கத்தை வாரை இறுக்கியும் தளர்த்தியும் கொஞ்சம்தான் ஏற்றி இறக்க முடியும், ஐந்து கட்டைக்குச் செய்ததை ஒரு கட்டைக்குக் கொண்டுவர முடியாது. குழலும் அப்படித்தான், நீளம் மாறினால் சுருதி மாறும். தொலைந்த குழலுக்குப் பதில் திருவிழாக் கடையில் ஒன்று வாங்கி வந்து கொடுத்தால் பள்ளிக் குழல்களோடு அது சேராது, பிள்ளை சரியாக வாசித்தாலும் தப்பாகக் கேட்கும். வாங்கித் தருகிறோம் என்று பெற்றோர் சொன்னால் எந்தக் கட்டை என்று சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். கிழிந்த தோலுக்கு யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், வாசிக்க வாசிக்கத் தேய்வதுதான்.

கேள்வி: பிள்ளைகள் லிஸ்டுக்கு நல்ல ஆப் ஏதாவது இருக்கிறதா?
— ஒரு வாசகர், ஆரப்பாளையம்

முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு ஆப் தேவையில்லை. கூகுள் ஷீட் போதும், நீள நோட்டும் போதும். ஷீட்டில் ஒரு வசதி, யாராவது கை தவறி அழித்துவிட்டால் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் போய்ப் பழைய நிலையை எடுத்துக்கொள்ளலாம். பழைய ஃபைல் பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் தேடினாலும் கிடைக்காது, அகரவரிசையும் வராது.

முழு லிஸ்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிற பழக்கம் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, அதை மட்டும் நிறுத்திவிடுங்கள். பெண் பிள்ளைகளின் பெயர், ஊர், ஏறுகிற பஸ், வீட்டு போன் எண் எல்லாம் ஒரே படத்தில் இருக்கிறது, அது எந்தெந்தப் போனுக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. குரூப்புக்கு வேண்டியது பெயர், வாத்தியம், பிராக்டிஸ் நேரம். அந்த மூன்று பத்தியை மட்டும் தனித் தாளாக எடுத்து, அச்சடித்த தேதியையும் மேலே போட்டு அனுப்புங்கள்.